‘கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார்’ என்று அண்ணன் சபையில் சாட்சி சொன்னார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை

சாட்ஸ்வொர்த்_தங்கை எழுதியது:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இவ்வளவு நாளும் வாசிப்பதோடு நிறுத்திக்கொண்டேன். இன்று எழுதாமல் தூக்கம் வராது போலிருக்கிறது.

எங்கள் ஆயாவுக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கேட்டோ மேனரில் அரை ஏக்கர் நிலம் இருந்தது. வெண்டையும் மிளகாயும் கொத்தமல்லியும் போட்டு, இருட்டோடு எழுந்து தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்ற காசில் வாங்கியது. எந்த இனத்தவர் எங்கே வாழலாம் என்று பிரித்துவைக்கும் குரூப் ஏரியாஸ் சட்டம் 1950-இல் வந்தது. 1960-களில் ‘இது வெள்ளைக்காரர்கள் பகுதி’ என்று சொல்லி, சாமான்களோடு எங்களை லாரியில் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த லாரியில் ஆயா அம்மிக்கல்லைக் காலடியில் வைத்து இரண்டு பாதத்தாலும் அணைத்தபடி உட்கார்ந்து வந்தார்களாம். அப்பா சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனவெறி ஆட்சி ஒழிந்த பிறகு, பறிபோன நிலத்துக்கு மனுப் போடலாம் என்று 1994-இல் சட்டம் வந்தது. 1998 டிசம்பர் 31 கடைசி நாள். அண்ணன்தான் அலைந்து மனுப் போட்டார், அதை மறுக்கமாட்டேன். நான் அடையாள அட்டை நகல், பிறப்புச் சான்று எல்லாம் எடுத்துக் கொடுத்தேன். நிலம் திரும்பவில்லை, பணமாகக் கொடுப்பதாகச் சொன்னார்கள். ‘இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை’ என்றே அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். வந்து நான்கு வருடம் ஆகிவிட்டது என்று ஒரு கல்யாண வீட்டில் பேச்சுவாக்கில் தெரிந்தது. 84,000 ரேண்ட். பெற்றுக்கொண்ட தாளில் என் கையெழுத்தும் இருந்தது. அதை நான் போடவில்லை.

அந்தப் பணம் வந்த வருடம்தான் என் மகள் மெட்ரிக் (பள்ளி இறுதி வகுப்பு) முடித்தாள். மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. முதல் வருடக் கட்டணம் கட்ட முடியாமல் விட்டாள். இன்றும் ஒரு பெரிய கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள்.

பதினோரு வருடமாக அண்ணனும் நானும் பேச்சில்லை. இப்போது அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். போன மாதம் சபையில் எழுந்து நின்று, ‘நான் பெரிய பாவி, கர்த்தர் என் பாவங்களையெல்லாம் மன்னித்துவிட்டார், என் மனம் இலேசாகிவிட்டது’ என்று அழுது சாட்சி சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் நான்காவது பெஞ்சில் இருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் வந்தார். ‘அடுத்த ஞாயிறு திருவிருந்து. அதற்குள் அண்ணனோடு கை குலுக்கிவிடுங்கள். நீங்கள் மன்னிக்காவிட்டால் பிதாவும் உங்களை மன்னிக்கமாட்டார்’ என்றார். அந்த ஞாயிறு நான் அப்பத்தையும் பாத்திரத்தையும் தொடாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவை.

அண்ணனின் மனம் இலேசானதற்கு விலை கொடுத்தது யார்? இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

கிருபை_போதும் எழுதியது:

சகோதரி, வாசித்துவிட்டு ஜெபித்தேன். உங்கள் வலியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

ஆனாலும் ‘விலை கொடுத்தது யார்’ என்று நீங்களே கேட்டுவிட்டீர்கள். விலை கொடுத்தவர் ஒருவர்தான். இரத்தம் சிந்துதல் இல்லாமல் மன்னிப்பு உண்டாகாது என்று எபிரெயர் 9 சொல்கிறது. அந்த இரத்தம் சிந்தியாயிற்று. மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனை நினைத்துப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. மொத்தம் 6 கோடி நாள் கூலி. யாரால் அடைக்க முடியும்? ராஜா சும்மா விட்டுவிட்டான். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப் பணம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடித்தான். நாம் அவனைப்போல ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

உங்கள் அண்ணன் கர்த்தரிடம் பெற்ற மன்னிப்பு உண்மையானதாகவே இருக்கலாம். அதை நாம் தராசில் வைக்க முடியாது.

பழைய_உபதேசியார் எழுதியது:

மகளே, நான் டர்பன் மேர்பேங்கில் நாற்பது வருடத்துக்கு மேல் உபதேசியாராக இருந்தவன். இரண்டு மணி நேரமாக இதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரத்தம் சிந்துவதைப் பற்றித் தம்பி எழுதினார். அந்தப் பலிகள் எங்கே விதிக்கப்பட்டனவோ அங்கேயே போய்ப் பார்ப்போம். லேவியராகமம் 6. ஒருவன் தன் அயலானை வஞ்சித்து, தன்னிடம் ஒப்படைத்ததை இல்லை என்று சாதித்து, பொய்யாணையும் இட்டிருக்கிறான். உங்கள் அண்ணன் செய்தது அச்சாக அதுதான். அவன் என்ன செய்ய வேண்டும்? எடுத்த முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். யாருக்கு? அதற்குரியவனுக்கு. அதன் பிறகுதான் ஆட்டுக்கடாவைக் கொண்டு ஆசாரியனிடம் வரலாம். எண்ணாகமம் 5 இன்னும் ஒருபடி மேலே போகிறது. உரியவனும் இல்லை, வாங்கிக்கொள்ளச் சொந்தமும் இல்லை என்றால்கூட, அந்தப் பணம் ஆசாரியன் கைக்குப் போகும். எப்படியும் அதை வைத்துக்கொண்டவன் கையில் அது தங்கக் கூடாது.

பலியின் இரத்தம், திருடிய பணத்தை மடியில் வைத்திருப்பவனுக்காகச் சிந்தப்பட்டதில்லை. மடியை அவிழ்த்துவிட்டு வந்தவனுக்காகச் சிந்தப்பட்டது. யூத ரபீமார்களும் இதையேதான் பிடித்துக்கொண்டார்கள். மனிதனுக்கும் தேவனுக்கும் இடையிலான பாவத்தைப் பாவநிவிர்த்தி நாள் நீக்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, அவன் போய்த் தன் அயலானைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் நீக்காது என்று அவர்களுடைய பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது.

நம் ஆண்டவர் இதை மாற்றினாரா? மலைப் பிரசங்கத்தில் பாருங்கள். பலிபீடத்தண்டையில் காணிக்கையோடு நிற்கிறாய், உன் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ என்கிறார். கவனியுங்கள், போக வேண்டியவன் அந்தக் குறைக்குக் காரணமானவன். மனம் புண்பட்டவளைத் தேடிப் போய் ‘நீ முதலில் கை குலுக்கு’ என்று சொல்ல அங்கே இடமே இல்லை. உங்கள் பாஸ்டர் வசனத்தைச் சரியாகத்தான் சொன்னார், ஆனால் ஆளை மாற்றிப் போட்டுவிட்டார். அவர் பேசியிருக்க வேண்டியது முதல் வரிசையில் அழுதுகொண்டிருந்தவரிடம்.

நானும் இந்தத் தவற்றைச் செய்திருக்கிறேன். எத்தனையோ வீடுகளில், அழுகிறவர் பக்கமே சாய்ந்திருக்கிறேன். சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை இன்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

நற்கருணை_வாசல் எழுதியது:

நான் கத்தோலிக்கன். எங்கள் பழைய ஞானோபதேசத்தில் மூன்றையும் சேர்த்தே சொல்லித் தருவார்கள்: மனஸ்தாபம் (செய்த பாவத்துக்காக வருந்துவது), பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவது), பரிகாரம். களவு செய்தவன் சங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தால், ‘எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தாயா, கொடுப்பாயா’ என்று சாமியார் கேட்பார். கொடுக்க மனமில்லை என்றால் அங்கே மனஸ்தாபமே இல்லை என்றுதான் அர்த்தம்.

எங்கள் பெரியப்பா ஒருவர் சங்கீர்த்தனம் செய்துவிட்டு நேரே பக்கத்து வீட்டுக்குப் போய், வேலியை ஒன்றரை அடி தன் பக்கம் நகர்த்தி நட்டார். அன்று மழை. நனைந்துகொண்டே குழி தோண்டினார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிருபை_போதும் எழுதியது:

ஐயா, லேவியராகமத்தை நீங்கள் எடுத்துச் சொன்ன விதத்துக்கு நன்றி. ஒரு கேள்வி மட்டும். சிலுவையில் தொங்கிய கள்வன் எதைத் திருப்பிக் கொடுத்தான்? இரண்டு கையும் ஆணியில். அவன் யாரைக் கொள்ளையடித்தானோ அவர்கள் அந்த மலைக்கு வரக்கூட இல்லை. ஆனாலும் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்றார்.

கொடுத்தால்தான் மன்னிப்பு என்று ஆக்கிவிட்டால், கொடுக்க இல்லாதவன் கதி என்ன? நான் குடித்துக் குடித்து என் மனைவியின் நகை முழுவதையும் அழித்தவன். பன்னிரண்டு வருடமாகத் தொடவில்லை. ஆனால் அந்த நகையை இன்றுவரை என்னால் திருப்பி வாங்க முடியவில்லை. கிருபை இல்லையென்றால் நான் எங்கே நிற்பேன்?

பழைய_உபதேசியார் எழுதியது:

தம்பி, நீங்கள் மனைவியிடம் ‘கர்த்தர் மன்னித்துவிட்டார், இனி நகையைப் பற்றிப் பேசாதே’ என்று சொன்னீர்களா?

கிருபை_போதும் எழுதியது:

இல்லை ஐயா. அவள் கழுத்து வெறுமையாக இருப்பதைத் தினமும் பார்க்கிறேன். அவள் என்னை மன்னித்ததற்கு அவள் கொடுத்த விலை அது. அதைப் பார்க்காமல் இருக்க எனக்கு உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இதை எழுதும்போதே எனக்குள் ஏதோ புரிகிறது. சகோதரி, என் முதல் பதிவை அவசரத்தில் எழுதிவிட்டேன்.

கேப்டவுன்_தம்பி எழுதியது:

அக்கா, நான் 1994-க்குப் பிறகு பிறந்தவன். நீங்கள் எல்லோரும் உள்ளே இருந்து பார்த்ததை நான் பாடத்தில் படித்தவன். ஆனாலும் உங்கள் கேள்வி இந்த நாட்டின் கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

1996 ஏப்ரலில், இங்குள்ள ஈஸ்ட் லண்டன் நகரில், இனவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் முதல் விசாரணையைத் தொடங்கியது. தலைவர் ஆர்ச்பிஷப் டெஸ்மண்ட் டூட்டு. இரண்டாம் நாளே மேசைமேல் தலை கவிழ்ந்து அழுதார். ஆணையத்தின் சட்டப்படி, அரசியல் நோக்கத்தோடு குற்றம் செய்தவன் முழு உண்மையையும் சொன்னால் பொதுமன்னிப்புப் பெறலாம். வருத்தப்பட வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் கிடையாது. 7,112 பேர் விண்ணப்பித்தார்கள், 849 பேருக்குக் கிடைத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு வருடம் ஆண்டுதோறும் உதவித்தொகை தரலாம் என்று ஆணையம் பரிந்துரைத்தது. அரசு 2003-இல் ஒரே தடவையாக ஆளுக்கு 30,000 ரேண்ட் கொடுத்து முடித்துக்கொண்டது. குற்றம் செய்தவனுக்கு விடுதலை உடனே வந்தது, அடிபட்ட தாய்க்கு வருடக் கணக்கில் காத்திருந்து கொஞ்சம் பணம் வந்தது. இந்த நாட்டு மன்னிப்பின் செலவில் பெரும் பங்கைக் கறுப்பினத் தாய்மார்கள்தான் ஏற்றார்கள் என்று என் பேராசிரியர் ஒருவர் சொல்வார். எனக்கு அது சரியாகவே படுகிறது.

அதற்குள் ஒரு கதையை மட்டும் விடாமல் சொல்ல வேண்டும். ஏட்ரியான் விளாக், இனவெறி அரசின் காவல்துறை அமைச்சர். ஃபிராங்க் சிக்கானே, பெந்தெகொஸ்தே போதகர், தென்னாப்பிரிக்கத் திருச்சபைகள் மன்றத்தின் பொதுச்செயலாளராக இருந்தவர். 1989-இல் சிக்கானேயின் உடைகளில் விஷம் தடவிக் கொல்லப் பார்த்தார்கள், சாவின் விளிம்புவரை போய் வந்தார். 2006-இல் விளாக் ஒரு பாத்திரத்தோடு அரசுத் தலைமையகமான யூனியன் பில்டிங்ஸுக்குப் போனார். அப்போது சிக்கானே அங்கே ஜனாதிபதி அலுவலகத்தின் உயர் அதிகாரி. பாவம் செய்தேன் என்று சொல்லி, முழங்காலிட்டு அவர் கால்களைக் கழுவினார்.

நாடே பேசியது. கண்ணீர் விட்டவர்களும் உண்டு, நாடகம் என்றவர்களும் உண்டு. ‘கால் கழுவினாய் சரி, யார் யாரை ஏவினாய் என்று முழுசாகச் சொன்னாயா’ என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஏனென்றால் இந்த விஷம் வைத்த விஷயத்தை அவர் ஆணையத்தின் முன் சொல்லவில்லை. 2007-இல் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 10 வருடத் தண்டனை, நிறுத்திவைக்கப்பட்டது. அதன் பிறகு என்ன செய்தார் என்பதுதான் என்னைத் தொட்டது. ஏழைக் குடியிருப்புகளுக்குத் தானே வண்டியில் ரொட்டியும் சாப்பாடும் கொண்டுபோய்க் கொடுத்தார். போக்கிடமில்லாதவர்களைத் தன் வீட்டிலேயே தங்க வைத்தார். 2023 ஜனவரியில் இறக்கும்வரை, ஓர் அமைச்சர் வாழ்ந்த வாழ்க்கையாக அது இல்லை.

அது போதுமா? நான் சொல்ல முடியாது. பிரிட்டோரியா பக்கத்து மாமெலோடியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் கால்களையும் அவர் கழுவினார். அவர்கள்தான் சொல்ல வேண்டும். 1985-இல் இங்கே போதகர்கள் வெளியிட்ட கைரோஸ் ஆவணம், நீதியும் மனந்திரும்புதலும் இல்லாத ஒப்புரவு கிறிஸ்தவ ஒப்புரவே அல்ல என்ற நிலையை எடுத்தது. அந்த ஆவணத்தை உருவாக்கியதில் முன்னால் நின்றவர்களில் சிக்கானேயும் ஒருவர். அந்தக் கால்களைத்தான் விளாக் கழுவினார். சிக்கானே அந்தக் கால்களை நீட்டியது லேசான காரியமில்லை, அக்கா.

மாரிட்ஸ்பர்க்_நர்ஸ் எழுதியது:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், பத்து வருடமாக இங்கே வேலை. என் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனவர். மன்னிப்புக் கேட்காமலேயே செத்தார். ஊருக்குப் போய்ப் பார்த்தபோது பெட்டியில் கிடந்தார். அந்த மூடிய வாயைப் பார்த்து நான் எதற்காகக் காத்திருப்பது? அன்று கையில் இருந்த கணக்கைக் கிழித்துப்போட்டேன். அவருக்காக இல்லை. எனக்கு இரவில் தூக்கம் வேண்டும், நோயாளிக்கு ஊசி போடும் கை நடுங்கக் கூடாது, அதற்காக.

ஆனால் அதை ஒப்புரவு என்று நான் சொல்லமாட்டேன். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும். மன்னிப்பு எனக்குள் நடந்தது. அவரோடு உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிடுவது கடைசிவரை நடக்கவே இல்லை.

உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார். டயாலிசிஸ் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், அந்த நாற்காலியில் நான்கு மணி நேரம் உட்காரும்போது மனுஷருக்கு யோசிக்க மட்டும்தான் நேரம் இருக்கும். அவர் உங்கள் பக்கம் திரும்பாதது திமிர் இல்லை, பயம் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாகவும் இருக்கலாம்.

பீனிக்ஸ்_அம்மா எழுதியது:

எல்லோரும் மன்னிப்புக் கொடுக்க வேண்டிய பக்கம் நின்று எழுதுகிறீர்கள். நான் கேட்க வேண்டிய பக்கத்தில் நிற்கிறேன்.

2021 ஜூலைக் கலவரம். டர்பன் பக்கத்தில் இந்தியர்கள் அதிகம் வாழும் பீனிக்ஸ், எங்கள் ஊர். கடைகள் எரிந்தன, போலீஸ் வரவில்லை, எங்கள் தெருமுனையில் பையன்கள் டயரும் கல்லும் போட்டு வழியை மறித்தார்கள். அந்தப் பயம் உண்மை, அதைப் பொய் என்று சொல்லமாட்டேன். அந்தப் பையன்களுக்கு ராத்திரி முழுக்க டீ போட்டுக் கொடுத்தது நான். அந்த நாட்களில் பீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். வேலைக்குப் போனவன், பெட்ரோல் போட வந்தவன் என்று. எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. ஆனால் ஒரு பையனைக் காரிலிருந்து இழுத்துப் போட்டு அடித்தார்கள். என் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். விளக்கை அணைத்தேன்.

ஆறு வருடம் என் மாமியாருக்குக் கை கால் பிடித்துவிட்டு, குளிப்பாட்டிய அம்மா, பக்கத்துக் கறுப்பினக் குடியிருப்பான பாம்பாயியிலிருந்து வருவாள். அடிபட்டது அவளுடைய தங்கை மகன். அது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவள் திரும்ப வேலைக்கு வரவில்லை.

இரண்டு வருடம் சபையில் பாவ அறிக்கையில் மற்றவர்களோடு சேர்ந்து வாய் அசைத்தேன். ஒரு நாளும் இலேசாகவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை பாம்பாயிக்குப் போனேன், தனியாக. அவள் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தந்தாள். விளக்கை அணைத்ததைச் சொன்னேன். டீ போட்டதையும் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஜூலு மொழியில், ‘நீ சொன்னதைக் கேட்டேன். மன்னித்தேன் என்று இன்றைக்குச் சொல்ல என்னால் முடியாது’ என்றாள்.

அவள் சொன்னது சரி. கேட்கப் போனவள், கிடைக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது என்று அந்த நாற்காலியில்தான் கற்றுக்கொண்டேன். மாதம் ஒருமுறை போகிறேன். பையனுக்கு இடது காது சரியாகக் கேட்காது. மருத்துவமனைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். இன்னும் அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

தங்கச்சி, உன் அண்ணன் இன்னும் அந்த நாற்காலியில் வந்து உட்காரவில்லை. உட்கார்ந்த பிறகும் நீ எதையும் அவசரமாகச் சொல்ல வேண்டாம்.

சாட்ஸ்வொர்த்_தங்கை எழுதியது:

எல்லாவற்றையும் இரண்டு தடவை வாசித்தேன். பீனிக்ஸ் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வீட்டைச் சுற்றி நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நூறு வெள்ளிப் பணத்தைப் பற்றி ஒன்று. அதைச் சின்னக் கடன் என்றே எல்லாப் பிரசங்கத்திலும் கேட்டிருக்கிறேன். அது நூறு நாள் கூலி. எங்கள் கொள்ளுத்தாத்தா ஐந்து வருட ஒப்பந்தத்தில் இந்தியாவிலிருந்து இங்கே கரும்புக் காட்டுக்கு வந்தவர். முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங் கூலி. நூறு நாள் என்றால் மூன்று மாதத்துக்கும் மேல் வெயிலில் கரும்பு வெட்டுவது. அவரிடம் போய் ‘அது சின்னக் கடன்’ என்று யாராவது சொல்வார்களா? ஆண்டவர் அதைச் சின்னது என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய கடன் ஒன்று உண்டு என்று மட்டும்தான் சொன்னார். இப்படி வாசித்தால் எனக்கு அந்த உவமை தாங்கும்படி இருக்கிறது. என் நஷ்டத்தைச் சின்னதாக்கி விழுங்கச் சொன்னால்தான் தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்று யோசிக்க யோசிக்கப் பெரிதாகிக்கொண்டே போகிறது. நான் மன்னிக்கலாம். பணத்தில் பாதி எனக்கு வர வேண்டியது, அதை நான் விட்டுவிடலாம். ஆனால் அந்த விலையைக் கட்டியது நான் இல்லையே? என் மகள். தினமும் எட்டு மணி நேரம் அந்தக் கல்லாவில் உட்கார்ந்து கட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் பேரில் நான் எப்படி மன்னிப்பது? அது என் கையில் இல்லாத பணத்தைத் தர்மம் செய்வது போல இருக்கிறது.

பழைய_உபதேசியார் எழுதியது:

சரியாகச் சொன்னாய் மகளே. தாவீது அர்வனாவின் களத்தை வாங்கும்போது, இலவசமாகத் தருகிறேன் என்றான் அர்வனா. ‘செலவில்லாமல் வாங்கி என் தேவனுக்குப் பலியிடமாட்டேன்’ என்று 50 சேக்கல் வெள்ளி எண்ணிக் கொடுத்தார் தாவீது. பலியின் செலவு செலுத்துகிறவனுடையதாக இருக்க வேண்டும். அடுத்தவன் கொட்டகையிலிருந்து ஆட்டைப் பிடித்துக் கட்டக் கூடாது.

நேற்று இராத்திரி யாக்கோபின் கதையைத் திறந்தேன். அண்ணனின் ஆசீர்வாதத்தைத் திருடிக்கொண்டு ஓடினவன் இருபது வருடம் கழித்துத் திரும்பி வருகிறான். முன்னால் ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று அனுப்புகிறான். குட்டிகளை விட்டுக் கணக்குப் போட்டால் 550. ஏசா ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறான், எதையும் வாங்கும் முன்பே. அதனால் தம்பி கிருபை_போதும் சொன்னதிலும் உண்மை இருக்கிறது, கட்டிப்பிடிப்பு கணக்குக்கு முன்னால் வரலாம். ‘எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையது உனக்கு இருக்கட்டும்’ என்கிறான் ஏசா. அங்கே யாக்கோபு ‘சரி அண்ணா, நன்றி’ என்று மந்தையைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போகவில்லை. வாங்கிக்கொள்ளும்படி வருந்திக் கேட்கிறான். நம் வேதாகமத்தில் ‘காணிக்கை’ என்று இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் இருப்பது ‘பெராகா’, ஆசீர்வாதம் என்ற அதே சொல். திருடினதையே திருப்பி நீட்டுகிறான்.

நீ ஏசாவாக ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் அண்ணன் யாக்கோபாக ஆற்றைக் கடந்து வரட்டும். அவர் வீட்டு விலாசம் தெரிந்தால் தனிமடலில் அனுப்பு, நான் போய்ப் பேசுகிறேன். கிழவன் சொன்னால் ஒருவேளை கேட்பார்.

சாட்ஸ்வொர்த்_தங்கை எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஐயா போய்ப் பேசினார். என்ன பேசினார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை அண்ணி போன் செய்தார்கள். ‘உன் அண்ணனால் படியேற முடியாது, நீ வர முடியுமா’ என்று. பலிபீடத்தை விட்டு அவர்தான் வர வேண்டும் என்று மனசுக்குள் ஒரு நிமிடம் நின்றேன். பிறகு என் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன்.

அண்ணன் பாதியாக இருந்தார். இடது கையில் டயாலிசிஸுக்காக இரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடம் கயிறு மாதிரி புடைத்திருந்தது. மேசைமேல் பிளாஸ்டிக் உறையில் அந்தக் கடிதம், வங்கித் தாள், எல்லாம் எடுத்து வைத்திருந்தார். என் கையெழுத்தின் மேல் விரலை வைத்து, ‘இது நான் போட்டது. சமையலறையில் உட்கார்ந்து நாலு தடவை எழுதிப் பழகினேன்’ என்றார். நாலு தடவை என்று அவர் சொல்லியிருக்கத் தேவையே இல்லை. அதைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

பிறகு என் மகனுடைய பள்ளி நோட்டின் பின்பக்கத்தைக் கிழித்துக் கணக்குப் போட்டார். 84,000-த்தில் பாதி 42,000. ஐந்தில் ஒரு பங்கு 8,400. மொத்தம் 50,400. ஐயா சொல்லிக் கொடுத்திருக்கிறார் போல. ‘என்னிடம் இல்லை, முதியோர் பணத்தில் மாதம் 600 தருகிறேன், நான் போய்விட்டால் வீட்டை விற்கும்போது மீதியை எடுத்துக்கொள்ளும்படி எழுதித் தருகிறேன்’ என்றார். மாதம் 600 என்றால் ஏழு வருடம். இரண்டு பேருக்கும் அந்தக் கணக்கு தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை. அண்ணி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

நான் ‘மன்னித்துவிட்டேன்’ என்று இன்னும் சொல்லவில்லை. முதல் 600-ஐ வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லிப் பெரிய மனுஷியாக வெளியே வந்திருக்கலாம், நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதை அவர் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. வாங்குவதும் எனக்குச் சுலபமாக இல்லை.

கிளம்பும்போது பின்வாசலில் ஆயாவின் அம்மிக்கல் கிடந்தது. அண்ணன் அதைத் தூக்கித் தரக் குனிந்தார். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது என்று அண்ணி கத்தினார்கள். என் மகனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து காரில் வைத்தோம்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த இழையையும் வாசித்துக் காட்டினேன். ‘பணம் உங்களுக்கும் மாமாவுக்கும் இடையில், அம்மா. மாமா என் முகத்தைப் பார்த்து ஒருமுறை சொல்லட்டும். அதற்குப் பிறகு எனக்கு என்ன தோன்றும் என்று எனக்கே தெரியாது’ என்றாள். ‘ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லுங்கள்’ என்றும் அவளேதான் சொன்னாள்.

வருகிறார். எங்கள் வீட்டுக்குப் படி இல்லை. இப்போது எனக்கு ஒரே கவலை, டயாலிசிஸ் ஆளுக்கு என்ன சமைப்பது என்று. நர்ஸ் தங்கச்சி, இருக்கிறாயா?

மாரிட்ஸ்பர்க்_நர்ஸ் எழுதியது:

இருக்கிறேன் அக்கா. பச்சரிசிச் சோறு தாராளமாக. கோழி அளவாக, எலும்பில்லாமல். தக்காளி, தேங்காய்ப்பால், புளி, பருப்பு வேண்டாம், பொட்டாசியம் ஏறும். உருளைக்கிழங்கு போட்டே ஆக வேண்டும் என்றால் தோல் சீவிச் சின்னத் துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீர் ஊற்றி இன்னொரு கொதி விட்டு அதையும் கொட்டுங்கள். உப்பைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். கடையில் ‘குறைந்த சோடியம்’ என்று விற்கும் மாற்று உப்பை மட்டும் தொடவே தொடாதீர்கள், பெரும்பாலானவற்றில் பொட்டாசியம்தான் இருக்கும், அவருக்கு ஆபத்து. டீயும் தண்ணீர்க் கணக்கில் சேரும், சின்னக் கோப்பையில் கொடுங்கள்.

மல்லி, மிளகு, பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை போட்டால் உப்பில்லாதது தெரியாது. மசாலாவை அந்த அம்மியிலேயே அரைத்துவிடுங்கள் அக்கா. முதலில் கல்லைக் கழுவி, ஒரு பிடி அரிசி போட்டு அரைத்துக் கொட்டிவிட்டுப் பிறகு அரையுங்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த கல்லில் மண் இருக்கும்.